வெளிக்குப் போனவர்கள்

என்னுடைய பழைய பி.எச்டி. கைடு ரிட்டயர் ஆனபோது பாராட்டு விழா என்று எனக்கும் ஓர் அழைப்பிதழ் வந்தது. வழவழ அட்டை, தங்க எழுத்து, அவர் படத்துக்குக் கீழே 'எல்லைப்புற மக்களின் குரல்' என்று ஒரு பட்டம் வேறு. எந்தக் குரல்? யாருடைய குரல்? அட்டையை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்றைக்குப் பாடம் பிரமாதமாக இருந்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தால் வகுப்பு நன்றாக வரும்.

சித்தூரில் ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லித் தருகிறேன். அதற்கு முன்னால், தொண்ணூறுகளின் கடைசியில், திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். எங்கள் ஊர் நகரிக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். தாத்தா காலத்தில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. நைனா காலத்தில் கொஞ்சம் வந்தது. அதில் பயிர் வைப்பார், மீதி நாளில் கூலிக்குப் போவார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை போடுவதற்கு இரண்டும். எங்கள் தெருவிலிருந்து பி.எச்டி. வரைக்கும் வந்த முதல் ஆள் நான் என்பதால் ஊரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

டிபார்ட்மெண்டில் என்னை 'அரவம்மா' என்பார்கள். தமிழுக்குத் தெலுங்கில் அரவம் என்று பெயர். ஹாஸ்டல் பெண்கள் சொன்னால் அது செல்லம். என் கைடு சொன்னால் செல்லம் இல்லை.

என் தலைப்பு அந்தக் காலத்துக்குச் சூடான தலைப்பு. எல்லையை ஒட்டி இரண்டு பக்கமும் ஷூ கம்பெனி, துணி கம்பெனி, கார் கம்பெனி என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. தடா பக்கம் போகிற வண்டி, சென்னைப் பக்கம் போகிற வண்டி என்று விடியற்காலையில் எங்கள் ஊர்களுக்கு வேன் வர ஆரம்பித்தது. தறியில் உட்கார்ந்தவர்களும் வயலில் குனிந்தவர்களும் சட்டைப் பையில் கம்பெனி அட்டையைச் செருகிக்கொண்டு வேன் ஏறினார்கள். சிலர் அங்கேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டார்கள். யார் போகிறார்கள், யார் திரும்பி வருகிறார்கள், யார் வருவதே இல்லை, விட்டுப்போன வீடு என்ன ஆகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. நான்கு ஊர்கள். அதில் ஒன்று என் ஊர்.

வேன் ஐந்தரைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு போனால் வீடுகளில் பேச ஆள் இருக்காது. ஆகவே இருட்டு பிரிவதற்கு முன்பே நோட்டும் பேனாவுமாக வாசல் வாசலாக நிற்பேன். கேள்விகளில் ஒன்று, குடும்பத் தலைவர் இப்போது எங்கே என்பது. வயதானவர் உள்ள வீடு என்றால் பாதிக்குப் பாதி ஒரே பதில்தான் வரும்.

"பெரியவரு இல்லியா?" என்பேன்.

"வெளிக்கு போய்க்கீறாரு பாப்பா. சொம்ப எடுத்துக்கினு இப்பத்தான் அந்தாண்ட போனாரு. குந்து, வந்துடுவாரு."

எங்கள் நான்கு ஊரிலும் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. விடிவதற்கு முன் எல்லாரும் கரும்பங்கொல்லைப் பக்கம்தான் போகவேண்டும். அதற்குத்தான் வெளிக்குப் போவது என்று பெயர். தமிழ் தெரிந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. நானும் அப்படிப் போய் வளர்ந்தவள்தானே. அதனால் எந்த யோசனையும் இல்லாமல், திரும்பி வந்து பார்க்க வேண்டும் என்கிற நினைப்புக்காக, அந்தக் கட்டத்தில் 'வெளிக்கு' என்று ஒரு வார்த்தை எழுதிவைப்பேன். பெண்கள் சொல்வதையும் சொன்ன மாதிரியே எழுதுவேன், சொம்பு உட்பட. பிறகு போய் அந்தப் பெரியவரைப் பார்த்து, மற்றதை வேறு பக்கத்தில் நிரப்புவேன். இப்படி ஏழு நோட்டு சேர்ந்தது. எல்லாம் தமிழில். ஆங்கிலத்தில் எழுதுவது தீசிஸ் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

கைடைப் பற்றிச் சொல்லவேண்டும். வாலிபத்தில் இரண்டு வருஷம் சென்னையில் படித்தவர். அதை வைத்துக்கொண்டு, "நாக்கு அரவம் பாகா ஒச்சு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார், எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று. பஸ் போர்டுத் தமிழ். எழுத்துக்கூட்டிப் படிப்பார், படித்துவிட்டு நம்மைப் பார்ப்பார், பாராட்ட வேண்டும். களத்துக்கு அவர் வந்தது ஒரே ஒரு தடவை. ஜீப்பை விட்டுப் பத்தடி தள்ளி வரவில்லை. இளநீர் குடித்தார், ஒரு கிழவர் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார், வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டார்.

நான்காம் வருஷம், சரி பார்க்கவேண்டும் என்று சொல்லி ஏழு நோட்டையும் வாங்கி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாதம் ஆயிற்று, ஆறு மாதம் ஆயிற்று. கேட்டால் "பார்த்துட்டிருக்கேம்மா" என்பார். ஒருநாள் கூப்பிட்டு, "மைக்ரேஷன் பழைய சரக்கும்மா. நீ மகளிர் சங்கத்துமேல பண்ணு, சீக்கிரம் முடியும்" என்றார். அடுத்த வாரம் ஆபீஸ் கிளார்க் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: அதே தலைப்பு, அதே நான்கு ஊர், டெல்லியிலிருந்து புராஜெக்ட், அவர் பேரில். புத்தகமாகவும் வரப்போகிறதாம்.

நேரே அவர் அறைக்குப் போனேன்.

"சார், என் நோட்டு வேணும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "எது உன் நோட்டு? யூனிவர்சிட்டி ஜீப்புல போன வேலை, யூனிவர்சிட்டி பேப்பர், கைடு நான். இதுல உன்னுது எது, சொல்லு பார்ப்போம்."

நான் போனதெல்லாம் பஸ்ஸில். நோட்டு நைனா நகரியில் வாங்கித் தந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். "உன் ஆறு மாச ரிப்போர்ட்டு இன்னும் என் டேபிள் மேலதான் இருக்கு, கையெழுத்துப் போடணும்" என்றார், ரொம்ப சாதாரணமாக. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் என் பதிவே ரத்தாகிவிடும். நாலு வருஷப் படிப்பு, ஊரில் நான் அடித்த பெருமை, நைனா மற்றவர் கொல்லையில் குனிந்த குனிவு எல்லாம் போய்விடும். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கு நான் அழவில்லை. பாவி, நீ நன்றாக இருக்கமாட்டாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஹாஸ்டல் வரைக்கும் நடந்தேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டைப்பிங் சென்டர் இருந்தது. அதை நடத்திய அக்காவுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. மாணவர்கள் எல்லாரும் அவரிடம்தான் போவோம். வேறு வழியில்லாமல் எழுதிய மகளிர் சங்கத் தலைப்பின் சுருக்கத்தை அடிக்கக் கொடுக்கப் போனபோது அக்கா சொன்னார். "உங்க சார் புக்கு இங்கதான் ரெடியாகுது. நல்லவேளை வந்த. நடுவுல தமிழ் வார்த்தை வருது, இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்கேன். ஸ்பெல்லிங்க யாராச்சும் தமிழ்க்காரங்ககிட்ட காட்டச் சொன்னாரு."

ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்தார். பென்ச்சில் உட்கார்ந்து படித்தேன். என் ஊர். என் தெரு. என் அம்மா சொன்ன வாக்கியம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் மார்கழிப் பனியில் நின்று எழுதியதெல்லாம் வரிசையாக இருந்தது. என் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. காகிதத்தை மடிமேல் வைத்து மேலே படித்தேன்.

நாலாவது அத்தியாயத்துக்கு வந்ததும் பக்கம் புரட்டுவதை நிறுத்திவிட்டேன்.

அத்தியாயத்தின் பொருள், முதியோர் இடம்பெயர்தல். இதுவரை எந்த ஆய்வாளரும் கவனிக்காத ஒன்றைத் தாம் கண்டுபிடித்திருப்பதாகச் சார் எழுதியிருந்தார். இளைஞர்கள் மட்டும் அல்ல, அறுபதைத் தாண்டியவர்களும் பெருவாரியாக ஊரைவிட்டு வெளியேறுகிறார்களாம். வீட்டுக்கு வீடு இதே நிலையாம். பெண்கள் விடிவதற்கு முன்பே கூட்டங்கூட்டமாக வெளியேறுகிறார்களாம். கையில் ஒரே ஒரு பாத்திரத்தைத் தவிர வேறெதையும் எடுத்துப்போவதில்லையாம். 'அந்தப் பித்தளைச் சொம்பு, பிறந்த மண்ணின் கடைசி மிச்சம்' என்று ஒரு வாக்கியம்.

முதலில் எனக்கே புரியவில்லை. பிறகு என் வார்த்தையை அந்தப் பக்கத்தில் பார்த்தேன், சாய்ந்த எழுத்தில். வெளியூர், வெளிநாடு, வெளிக்கு. பஸ் போர்டுத் தமிழ் கைகொடுத்துவிட்டது! கரும்பங்கொல்லைக்குப் போன கிழவர்களை எல்லாம் இந்த மனுஷன் நாடுகடத்திவிட்டான். பென்ச்சிலேயே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். அழுகிறேன் என்று நினைத்து அக்கா தண்ணீர் கொண்டுவந்தார்.

"இன்னாம்மா, தப்பு எதனா இருக்குதா? இருந்தா சொல்லு, இப்பவே திருத்திடலாம்."

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். தண்ணீரைக் குடித்தேன். பேனாவை வாங்கி, அவர் தப்பாக எழுதியிருந்த அந்தத் தமிழ் வார்த்தையின் ஸ்பெல்லிங்கை மட்டும் ஓரத்தில் அழகாகத் திருத்தினேன். படிக்கிறவர்களுக்குச் சந்தேகமே வரக்கூடாது இல்லையா. சொம்புக்கும் ஒரு எழுத்து குறைந்தது, போட்டுவிட்டேன்.

"மத்ததெல்லாம் சரியா இருக்குதுக்கா. அப்படியே அடிங்க" என்றேன். அந்த ராத்திரி பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

புத்தகம் வந்தது. வெளியீட்டு விழாவுக்குத் தேதி வைத்தார்கள். கைடு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க ஊர் ஜனம் ஒரு அஞ்சாறு பேரைக் கூட்டிட்டு வாம்மா. முன் வரிசையில உட்கார வைக்கணும். கொஞ்சம் வயசானவங்களா பாரு. மெட்ராஸ்ல இருந்து பெரியவங்க வர்றாங்க, அவங்க ஜனத்தை நேர்ல பாக்கணும்."

கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்கு நம்பினேன். "கூட்டிட்டு வரேன் சார்" என்றேன்.

ஊருக்குப் போய்ச் சொன்னதும் போட்டி போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். திருப்பதிக்கு இலவசப் பயணம், விழா முடிந்து மலைக்குப் போய்ச் சாமி பார்த்துவிட்டு வரலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள். நைனா, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பெரியம்மா, இன்னும் இரண்டு பெரியவர்கள். புத்தகம் என்று நான் சொன்னதுமே நைனா தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பெட்டிக்கடையில் நின்றுகொண்டு, "எங்க பாப்பா எழுதின புக்க யூனிவர்சிட்டியில வெளியுட்றாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன். திருத்தவில்லை. எல்லாம் மேடையில் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டேன். எனக்கு அப்போது அந்த ஒரு நிமிஷத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

விழா அன்றைக்குக் கருத்தரங்கு மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் துணைவேந்தர், கைடு, சென்னையிலிருந்து வந்த ஒரு தமிழம்மா. அவரும் பேராசிரியர், வயதானவர், கறாரான முகம். முன் வரிசையில் எங்கள் ஜனம். நைனா சலவைச் சட்டை போட்டு, முதல் பட்டன் வரைக்கும் மாட்டியிருந்தார். ஆளுக்கொரு லட்டுப் பொட்டலம் கொடுத்திருந்தார்கள். பெரியம்மா அதைப் பிரித்து அங்கேயே தின்ன ஆரம்பித்துவிட்டார்.

கைடு பேச எழுந்தார். ஆங்கிலத்தில் கொஞ்சம், தெலுங்கில் கொஞ்சம். எல்லையோர ஜனங்கள் என்று முன் வரிசையைக் கையால் காட்டினார். எல்லாரும் தட்டினார்கள். பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் மனசை உலுக்கிய ஒரு வார்த்தையை அவங்க பாஷையிலேயே சொல்றேன்" என்று புத்தகத்தைத் திறந்தார். நான் நாற்காலி நுனிக்கு வந்தேன்.

"வெ... ளிக்குப் போய்க்கீறாரு" என்று தமிழில் படித்தார், எழுத்துக்கூட்டி. கண்ணை மூடிக்கொண்டார். இந்த ஒரு வார்த்தையில் எத்தனை பிரிவு, எத்தனை ஏக்கம் என்றார். "சொம்ப எடுத்துக்கினு போனாரு" என்று அடுத்த வரியையும் படித்தார். அந்தச் சொம்பைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் நிஜமாகவே உடைந்தது.

முன் வரிசை ஒரு கணம் விழித்தது. பெரியம்மா வாயில் லட்டோடு சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடா சொல்றான் இந்த ஆளு? வெளிக்கு போனத கூடவா புக்குல போட்டுக்கீறான்?"

பெரியம்மாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் அங்கங்கே இருந்தார்கள். முதலில் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு நடுவில். சென்னையம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குனிந்துவிட்டார், தோள் மட்டும் குலுங்கியது.

துணைவேந்தருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏமைந்தி?" என்றார், என்ன ஆயிற்று என்று. கைடுக்கும் புரியவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, "ஏம்மா அரவம்மா, எதுக்குச் சிரிக்கிறாங்க? இங்க வந்து சொல்லு" என்று மைக்கை நீட்டினார். அவரே நீட்டினார், சாமி சத்தியமாக.

மேடை ஏறினேன். கால் தரையில் பாவவில்லை. மைக்கைப் பிடித்து முதலில் தெலுங்கில் சொன்னேன், பிறகு ஆங்கிலத்தில். சுற்றி வளைக்காமல் சொன்னேன். வெளிக்குப் போவது என்றால் எங்கள் ஊரில் மலம் கழிக்கப் போவது. எங்கள் ஊர்களில் கக்கூஸ் இல்லை. சொம்பில் இருப்பது தண்ணீர், கழுவிக்கொள்ள. இந்தப் பெரியவர்கள் எங்கும் இடம்பெயரவில்லை, கால் மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். "சாருக்குத் தமிழ் நன்றாக வரும். அதனால் எனக்கும் ஆச்சரியமாக இருக்கிறது" என்று கடைசியில் ஒன்று சேர்த்தேன்.

மண்டபம் வெடித்தது. நாற்காலியைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். விசில் வந்தது. கைடு புத்தகத்தை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். முகம் கறுத்து, பிறகு வெளிறிவிட்டது. கண்ணாடியைத் துடைக்கப் போய்க் கீழே போட்டுவிட்டார். அதைக் குனிந்து தேடிய அந்தக் கோலத்தை நான் அணு அணுவாகப் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் நாக்கில் இனிக்கிறது. பொய் சொல்லமாட்டேன், அந்த ருசியை நான் வேறு எதிலும் கண்டதில்லை.

விழாவை அவசர அவசரமாக முடித்தார்கள். வராந்தாவில் டீ கொடுத்தார்கள். எங்கள் ஜனம் ஓரமாக நின்று குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு மாணவர்கள் கடந்து போனார்கள். ஒருவன் சித்தப்பாவைப் பார்த்து, "செம்பு ஏதி தாதா?" என்றான், சொம்பு எங்கே தாத்தா என்று. மற்றவன் கெக்கெக்கே என்றான். சித்தப்பா டீயைப் பாதியில் கீழே வைத்துவிட்டார். நான் அதையும் பார்த்தேன், அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. என் காதில் இன்னும் மண்டபத்துச் சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

மலைக்குப் போகலாம் என்றேன். எல்லாரும் வேண்டாம் என்றார்கள். "இன்னொரு நாளு பாத்துக்கலாம்மே" என்று பெரியம்மா சொன்னார், முகத்தைப் பார்க்காமல். புத்தூர் வழியாக நகரி போகும் பஸ்ஸில் ஏறினோம். மற்றவர்கள் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். நான் நைனா பக்கத்தில் உட்கார்ந்தேன். வடமாலபேட்டையில் பஸ் நின்றது.

"புக்கு மேல வேற பேரு கீதே" என்றார் அப்போது.

அதுவரைக்கும் நான் வீட்டில் எதையும் சொன்னதில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். ஏழு நோட்டு, ஜீப்பு, கையெழுத்து, டைப்பிங் சென்டர். "அவன் என் உழைப்பத் திருடிட்டான் நைனா. நாலு வருசம் நான் எழுதினது. அதுக்குத்தான் இன்னிக்கி அவன் மானத்த வாங்கினேன். இன்னா மாதிரி முழிச்சான் பாத்தியா?"

நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். "திருடிட்டானா?"

"ஆமா."

"அத்த அங்க சொன்னியா நீ?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"மைக்கு உன் கையிலதான இருந்திச்சு. இம்மா பேரு குந்திக்கினு இருந்தாங்க. 'இது என் எழுத்து, இந்த ஆளு திருடிக்கினான்'னு ஒரு வார்த்த சொல்லலியே. நாங்க வெளிக்கு போறதத்தான சொன்ன. கயுவுறத கூட வுடல நீ. அவங்க அவன பாத்தா சிரிச்சாங்க? எங்கள பாத்து சிரிச்சாங்க. உன் சித்தப்பன் டீ கூட குடிக்கல."

நான் என்னவோ சொல்ல ஆரம்பித்தேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். வாக்கியம் முடியவில்லை. மைக் என் கையில் இருந்தபோது திருட்டு என்கிற வார்த்தை என் நினைவுக்கே வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நகரி வரைக்கும் பஸ்ஸின் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே துணைவேந்தர் ஆபீசுக்குப் புகார் எழுதிக்கொண்டு போனேன். ஒரு கமிட்டி வைத்தார்கள். கமிட்டியில் இருந்த ஒருவர் என் காகிதத்தைப் படிப்பதற்கு முன்பே, "ஓ, சொம்புப் பொண்ணு நீதானே" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "திருட்டு என்றால் அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் ஏன் சொல்லவில்லை?" நோட்டுகள் எங்கே என்றார்கள். சாரிடம் இருக்கிறது என்றேன். அப்படி எதுவும் தன்னிடம் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதோடு ஒரு தாளும் இணைத்திருந்தார். டைப்பிங் சென்டர் தாள். ஓரத்தில் என் கையெழுத்து, ஸ்பெல்லிங் திருத்தம், ரொம்ப அழகாக. இவளே படித்துப் பார்த்து அனுப்பிய பக்கம், விரோதத்தில் தப்பை வேண்டுமென்றே விட்டிருக்கிறாள் என்பது அவர் வாதம். அதில் பொய் இல்லையே.

வேறு கைடுக்கு மாறினேன், பழையவர் தள்ளிவிட்ட அதே மகளிர் சங்கங்களைப் பற்றி எழுதி இன்னும் ஐந்து வருஷம் கழித்துப் பட்டம் வாங்கினேன். அதிலும் எங்கள் நான்கு ஊர் கிடையாது. அங்கே நோட்டோடு போனால் யாரும் உட்காரச் சொல்வதில்லை. சித்தப்பா என்னிடம் பேச ஒரு வருஷம் ஆயிற்று.

அந்தப் புத்தகத்தைப் பழைய கைடு திரும்பப் பெறவில்லை. நாலாவது அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் ஒரு சின்ன சீட்டு அச்சடித்து ஒட்டினார், அவ்வளவுதான். லைப்ரரியில் அதைப் பார்த்தேன். 'இவ்வத்தியாயத்திலுள்ள சில பிழைகள் களப்பணி உதவியாளரின் கவனக்குறைவால் நேர்ந்தவை' என்று ஆங்கிலத்தில் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினேன். நான் அந்தப் புத்தகத்தில் இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பசை கெட்டியாக இருந்தது.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனபோது, சாப்பிட்டுக்கொண்டே நைனா கேட்டார். "அந்த புக்குல கடைசில உன்ன பத்தி எதனா போட்டானா?"

"போட்டிருக்கான் நைனா. ஒரு வரி."

"இன்னான்னு?"

"தப்பு எல்லாம் என்னுதுன்னு."

திட்டுவார், அவனைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். நைனா இன்னும் இரண்டு வாய் தின்றார். தட்டில் கை கழுவிக்கொண்டார்.

"பாதி நெசம்தானேம்மா" என்றார்.